பாங்காக்கில் உங்களிடம் தானாக வந்து பேசுகிறவர்கள்

பேக்கேஜ் எதுவும் எடுக்காமல், அப்பா, அம்மா, மனைவி, எட்டு வயதுப் பையன் என்று குடும்பத்தோடு முதல் தடவையாகப் பாங்காக் போகிறேன், ஏமாற்று வேலை அதிகம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாங்காக்கில் சீலோம் சாலைப் பக்கம் பல வருடம் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாங்காக் கத்தியைக் காட்டிப் பிடுங்குகிற ஊர் இல்லை. இரவு பத்து மணிக்கு மேலும் பெண்கள் தனியாக ரயிலில் வேலை முடிந்து வீடு திரும்புவதைப் பார்ப்பீர்கள். அங்கே சுற்றுலாப் பயணிகள் பணத்தை இழப்பது பெரும்பாலும் பேச்சில் மயங்கித்தான். அதனால் ஒரே ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: நாம் கூப்பிடாமல் தானாக வந்து பேசி, நாம் போகிற இடத்தையோ வழியையோ மாற்றச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு கண்ணியமாகத் தெரிந்தாலும், சிரித்துக் கும்பிட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். பாங்காக்காரர்கள் பொதுவாகக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். நீங்கள் போய் வழி கேட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து காட்டுவார்கள். தாங்களாக வந்து அந்நியரிடம் பேச்சுக் கொடுப்பது அபூர்வம். நீங்கள் தேடிப் போய்க் கேட்பவரைத் தாராளமாக நம்பலாம். உங்களைத் தேடி வருபவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

ஏமாற்று வேலை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் அசல் மாதிரியே தோற்றம் கொண்ட தளங்கள் மேலே வந்து நிற்கும். தலைக்கு இவ்வளவு டாலர் என்று கார்டு விவரம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசின் தளம் இல்லை. தாய்லாந்து குடிவரவுத் துறையின் தள முகவரி 'கோ டாட் டிஎச்' என்று முடியும். அதைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். ஐந்து பேருக்கும் தனித்தனியாக வேண்டும், பையனுக்கும் சேர்த்து.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் "டாக்ஸி? ஹோட்டல்?" என்று சிலர் கையில் அட்டையோடு நெருங்குவார்கள். அவர்களைக் கடந்து தரைத்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே டாக்ஸிக்கு முறையான வரிசை இருக்கிறது. இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் வண்டி நிற்கும் இடத்தின் எண் அதில் இருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் சாதாரண காரில் அடங்காது, பெரிய வண்டிக்கான வரிசைக்குப் போங்கள். சாதாரண டாக்ஸியின் மீட்டர் 35 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று தொடங்கும். விமான நிலையத்திலிருந்து ஏறினால் அதற்கு மேல் 50 பாட் கூடுதல், விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் நாம்தான் தர வேண்டும். இதெல்லாம் முறையான கட்டணம், சண்டை போட வேண்டாம். "மீட்டர் ரிப்பேர், மொத்தமாக 800 கொடுங்கள்" என்றால் மட்டும் இறங்கிவிடுங்கள். சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காமல் ஹோட்டல் போய்ச் சேரும் வரை வைத்திருங்கள். புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். பெட்டி குறைவாக இருந்தால் ரயிலே போதும், நகருக்குள் இருக்கும் ஃபயா தாய் நிலையம் வரைக்கும் ஆளுக்கு 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஊருக்குள்ளும் இதே கதைதான். மீட்டர் போட மாட்டேன் என்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலா இடங்களின் வாசலில் காத்து நிற்கிறவர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தினால் பிரச்சினை குறைவு. வண்டி கூப்பிடும் கிராப், போல்ட் ஆப் இரண்டும் வேலை செய்யும், வயதானவர்கள் கூட இருக்கும்போது அது நிம்மதி. நம் ஊர் ஆட்டோ போன்ற டுக்டுக்கில் மீட்டரே கிடையாது. பையனின் ஆசைக்கு ஒரு முறை ஏறுங்கள், ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். ஆனால் டுக்டுக் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். அதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அரண்மனைக்கு, அதாவது கிராண்ட் பேலஸுக்கு, கட்டாயம் போவீர்கள். நா ப்ரா லான் சாலையில் இருக்கும் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், நடைபாதையில் ஒருவர் எதிர்ப்படுவார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, சில சமயம் கழுத்தில் ஓர் அடையாள அட்டை. எந்த ஊர் என்று கேட்பார். சென்னை என்றால் முகம் மலர்ந்துவிடும். பிறகு வருத்தத்தோடு சொல்வார்: "இன்று காலையில் புத்த பூஜை. வெளிநாட்டவருக்கு மதியம் ஒரு மணிக்கு மேல்தான் அனுமதி." உங்கள் மேப்பை வாங்கி, அதுவரைக்கும் பார்க்க ஒரு பெரிய புத்தர் சிலை, ஓர் 'அதிர்ஷ்ட புத்தர்' கோயில் என்று வட்டம் போட்டுத் தருவார். மஞ்சள் நம்பர் பலகை வைத்த டுக்டுக் அரசாங்கத்துடையது, அதில் போனால் 20 பாட்தான் என்பார். சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் பலகையோடு ஒரு டுக்டுக் பக்கத்தில் வந்து நிற்கும்.

20 பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் யாரும் வண்டி ஓட்ட முடியாது. பெட்ரோலுக்கே காணாது. ஆனால் அந்த இடத்தில் நமக்கு அது தோன்றாது, ஏனென்றால் இதுவரை யாரும் நம்மிடம் பணமே கேட்கவில்லை. அந்தச் சின்னக் கோயிலில் கூட்டமே இருக்காது. உள்ளே ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். தாய்லாந்துக்காரராக இருக்கலாம், வெளிநாட்டவராகக்கூட இருக்கலாம். பேச்சுவாக்கில், அரசாங்கம் வருடத்துக்கு ஒரு முறை நகைக்கற்களை வரியில்லாமல் விற்கிறது, இன்றுதான் கடைசி நாள், நான் போன தடவை வாங்கிப் போய் ஊரில் இரட்டை விலைக்கு விற்றேன், இந்தப் பயணச் செலவே அதில்தான் என்பார். வாசலில் பார்த்தவரையும் இவரையும் உங்கள் மனம் சேர்த்துப் பார்க்காது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். அடுத்து டுக்டுக்காரர், "பத்து நிமிஷம் ஒரு கடைக்குள் போய்விட்டு வாருங்கள், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்று வெளிப்படையாகவே கேட்பார். பாவம் என்று நாமும் இறங்குவோம். அந்தக் கடையில்தான் எல்லாம் நடக்கும்.

கல் பெரும்பாலும் கண்ணாடியாக இருக்காது. நிஜமான நீலக்கல்லேதான், ஆனால் மட்டமான ரகம், விலை பல மடங்கு. சான்றிதழ், ரசீது எல்லாம் கொடுப்பார்கள். இந்தியர் என்று தெரிந்தால் ராசிக்கல், நவரத்தினம் என்று பேச்சை அந்தப் பக்கம் திருப்புவார்கள். நம் ஊரில் நீலக்கல்லை ஜாதகம் பார்க்காமல் மோதிரத்தில் வைக்கவே தயங்குவோம், ஆனால் அங்கே குளிர்சாதன அறையில் ஜூஸ் குடித்துக்கொண்டு லட்சக்கணக்கில் கார்டைத் தேய்த்தவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதும், கையில் கொண்டு போனால் கஸ்டம்ஸில் தொல்லை, நாங்களே பார்சலில் அனுப்பிவிடுகிறோம் என்று அன்றைக்கே தபாலில் போட்டுவிடுவார்கள். மறுநாள் சந்தேகம் வந்து திரும்பப் போனால், திருப்பிக் கொடுக்க உங்கள் கையில் கல் இருக்காது.

தாய்லாந்தில் நகைக்கல் வியாபாரமே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தபுரி என்ற ஊர் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் உலகப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே வாங்குகிறவர்கள் கல்லைப் பார்த்தே தரம் சொல்லத் தெரிந்த வியாபாரிகள். 'ஊருக்குக் கொண்டு போனால் இரட்டிப்பு லாபம்' என்ற வார்த்தை எங்கே வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த லாபம் உண்மையாக இருந்தால், சென்னையில் நகைக்கல் வியாபாரம் செய்கிறவர்கள் அல்லவா அங்கே வரிசையில் நின்றிருப்பார்கள்!

இதற்கு மருந்து எளிது. அரண்மனை தினமும் காலை 8.30-க்குத் திறக்கும், மாலை 3.30 வரை சீட்டு தருவார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச சடங்குகளுக்காக மூடும் நாட்கள் உண்டு, அதை முந்தின நாளே அரண்மனையின் சொந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். மெட்ரோவின் நீலப் பாதையில் சனம் சாய் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சீருடைக் காவலர்கள் நிற்கும் வாசல் வரைக்கும் போய், மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் நம்புங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும் என்பது மட்டும் உண்மையான விதி. அம்மாவுக்குச் சேலை போதும், நீங்களும் பையனும் முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டால், "இந்த டிரஸ்ஸுக்கு விடமாட்டார்கள், வாடகைக்குத் தருகிறேன்" என்பவரிடம் நிற்க வேண்டியதில்லை.

பக்கத்தில் சனம் லுவாங் மைதானம் இருக்கிறது. அங்கே யாராவது பையன் கையில் மக்காச்சோளப் பொட்டலத்தைத் திணித்து, புறாவுக்குப் போடு தம்பி என்பது போல் சைகை காட்டினால் அதை வாங்கவே கூடாது. பிரித்துப் போட்ட பிறகு, பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூட்டமாக நின்று கேட்பார்கள். குழந்தையை வைத்து நடக்கும் ஏமாற்று என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

சாவ் ப்ரயா ஆற்றில் படகுக்கு சாத்தோன் படித்துறைக்குப் போனால், சீருடை மாதிரி சட்டை போட்ட ஆட்கள் உங்களைத் தனியார் படகுக் கவுன்ட்டருக்கு ஓட்டிப் போகப் பார்ப்பார்கள். பொதுப் படகு இன்று இல்லை என்றும் சொல்வார்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு. ஆளுக்கு 20 பாட்டுக்குள் முடிந்துவிடும். தா தியன் துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் வாட் அருண் கோயிலுக்குப் போக இன்னும் குறைவு. நீளவால் படகு என்கிற ஒடுங்கிய நீண்ட மோட்டார் படகில் கால்வாய்களைச் சுற்றிப் பார்ப்பது அருமையான அனுபவம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளுக்கா, படகுக்கா, எத்தனை மணி நேரம் என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயிலுக்கு அப்பா அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். கோபுரத்தைப் பார்த்தாலே மனசு குளிரும், தாய்லாந்துக்காரர்கள் பூவும் தேங்காயுமாக வரிசையில் நிற்பதையும் பார்க்கலாம். கோயிலில் பயம் ஒன்றும் இல்லை. சீலோம், சுகும்வித் நடைபாதைகளில் எதிர்ப்படும் ஜோசியக்காரர்களிடம்தான் கவனம் வேண்டும், அதுவும் நம்மவர் போலவே இருப்பார்கள். "சார், உங்கள் முகத்தில் லட்சுமி களை இருக்கிறது, அடுத்த மாதம் பெரிய நல்ல செய்தி" என்பதுதான் ஆரம்பம். சின்னக் காகிதத்தில் ஏதோ எழுதி, உருட்டி உங்கள் உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்வார். பிடித்த பூ எது, வயது என்ன, மனதில் ஓர் எண் நினையுங்கள் என்று கேட்பார். நீங்கள் சொல்வதை இன்னொரு தாளில் எழுதிக்கொள்வார். கையைத் திறந்தால் பூ, வயது, எண் எல்லாம் அப்படியே அந்தக் காகிதத்தில் இருக்கும். நடுவில் "நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள், இதில் ஊதுங்கள்" என்று சொல்லிக் காகிதத்தைத் தொட்டார் அல்லவா, அப்போது உருண்டை மாறிவிட்டது. அவ்வளவுதான் வித்தை. அப்புறம் ஆசிரமம், அநாதைக் குழந்தைகள் என்று ஒரு படத்தைக் காட்டி நோட்டுப் புத்தகத்துக்குள் பணம் வைக்கச் சொல்வார். 100 வைத்தால் போதாது, குறைந்தால் குடும்பத்துக்குத் தோஷம் என்று மிரட்டுவார். பெரியவர்கள் தோஷம் என்ற சொல்லுக்குத்தான் கலங்குவார்கள். அதனால் இந்த வித்தையை அப்பா அம்மாவிடம் ஊரிலேயே விளக்கிச் சொல்லிவிடுங்கள். தெரிந்துவிட்டால் பயம் வராது.

அதே சுகும்வித், பிரதுநாம் பகுதிகளில் இன்னொன்று நடக்கும். காரில் இருந்தோ நடைபாதையிலோ, நன்றாக உடுத்திய தம்பதி வழி கேட்பார்கள். எந்த நாடு என்பார்கள், இந்திய ரூபாயைப் பார்த்ததே இல்லை, ஒன்று காட்டுங்களேன் என்பார்கள். பர்ஸை எடுத்தால், பேசிக்கொண்டே நோட்டுகளைத் தொட்டுப் பார்த்துத் திருப்பித் தருவார்கள். கொஞ்ச தூரம் போய் எண்ணினால் சில நோட்டுகள் இருக்காது. தெருவில் யாருக்காகவும் பர்ஸைத் திறக்காதீர்கள்.

தங்கம் பற்றி உங்கள் மனைவியிடமும் அம்மாவிடமும் பேசுங்கள். சாலையோரம் நடக்கிற இந்தியர்களின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்து அறுப்பது பட்டாயாவில் திரும்பத் திரும்பச் செய்தியாகிறது. நாம் தங்கம் போட்டுக்கொண்டு வருவோம் என்பது அவர்களுக்கும் தெரியும். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லவில்லை. உடைக்குள் விட்டுக்கொண்டால் போதும். மற்ற நகைகள் வீட்டில் இருக்கட்டும்.

பணத்தில் நஷ்டம் வருவது திருடனால் மட்டும் இல்லை. ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு போட்டால் ஒவ்வொரு தடவையும் 220 பாட்டோ அதற்கு மேலோ கட்டணம் எடுக்கும், ஆகவே சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா பாட்டா என்று திரை கேட்டால் பாட் என்று சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைத்த மோசமான விகிதத்தில் போய்விடும். இது சட்டப்படியே நடக்கிறது. 1000 பாட் நோட்டு, 100 பாட் நோட்டு இரண்டின் நிறத்தையும் முதல் நாளே நன்றாகப் பார்த்துப் பழகுங்கள். டாக்ஸியில் 1000 கொடுத்தால் சில்லறை இல்லை என்ற பதில்தான் வரும். காலையிலேயே ஏதாவது கடையில் மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

பட்டாயா போவீர்கள் என்றால் ஜெட் ஸ்கீ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஓட்டித் திரும்பியதும், பழைய கீறலைக் காட்டி நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று பத்தாயிரக்கணக்கில் கேட்பது அங்கே வெகுகாலமாக நடக்கிறது. பையன் அடம் பிடித்தால், ஏறும் முன் வண்டியின் அடிப்பாகம் உட்பட, வாடகைக்காரர் முகமும் தெரிய, வீடியோ எடுங்கள். எதற்காகவும் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள், பைக் வாடகைக்கும்கூட. அது கையை விட்டுப் போனால், கேட்ட தொகையைக் கொடுக்காமல் ஊர் திரும்ப முடியாது.

கடைசி நாளில் நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. ஹோட்டலிலோ விமான நிலையத்திலோ தமிழிலேயே ஒருவர் பேசுவார்: "அண்ணே, எனக்கு லக்கேஜ் எடை அதிகமாயிடுச்சு, இந்தப் பையை மட்டும் கொண்டு போங்க, சென்னையில என் தம்பி வந்து வாங்கிக்குவான்." சாக்லேட், துணி, பொம்மை என்பார். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் உயர் ரகக் கஞ்சாவும் பாம்பு, ஆமை, குரங்குக்குட்டி என்று உயிருள்ள விலங்குகளும் சென்னை கஸ்டம்ஸில் பிடிபடுவதைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். குருவியாக, அதாவது கூலிக்குக் கடத்துகிறவராக, தெரிந்தே போகிறவர்கள் ஒரு பக்கம், விவரம் தெரியாமல் பையைச் சுமந்தவர்கள் இன்னொரு பக்கம். பை யார் கையில் இருக்கிறதோ அவர்மேல்தான் வழக்கு. எடை அதிகம் என்று ஊர்ப்பாசத்தோடு கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். தாய்லாந்துத் தெருக்களில் கஞ்சாக் கடைகளைப் பார்த்து, இங்கே சட்டப்படி சரிதானே என்று யாரும் எண்ண வேண்டாம். 2022-ல் தளர்த்திய சட்டத்தை 2025-ல் மருந்துச்சீட்டு இருந்தால்தான் என்று இறுக்கிவிட்டார்கள், இந்தியாவுக்குள் கொண்டு வந்தால் போதைப்பொருள் சட்டம் பாயும். எலெக்ட்ரானிக் சிகரெட்டும் அங்கே தடை செய்யப்பட்டது. நண்பர்கள் வாங்கி வரச் சொன்னால் தொடாதீர்கள்.

இது உங்கள் குடும்பத்துக்கு வேண்டாத விஷயமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. "பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம், டூரிஸ்ட்டாகவே வா" என்று உறவில் எந்தப் பையனுக்காவது அழைப்பு வந்தால் தடுத்து நிறுத்துங்கள். பாங்காக்கில் இறங்கியவர்களைக் காரில் மே சோட் எல்லைக்குக் கொண்டு போய், ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால் 1155-ஐக் கூப்பிடுங்கள். அது சுற்றுலாப் போலீஸ், 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 1669, டாக்ஸிப் புகாருக்கு 1584. இந்தியத் தூதரகம் சுகும்வித் சாலையின் 23-ஆவது சோயில், அதாவது கிளைச் சந்தில், இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு அங்கே போக வேண்டும், அதனால் எல்லோருடைய பாஸ்போர்ட்டின் படமும் உங்கள் போனிலும் மனைவியின் போனிலும் இருக்கட்டும். கடையில் ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு ஹோட்டலில் உட்கார வேண்டாம். அன்றைக்கே சுற்றுலாப் போலீஸாரோடு அந்தக் கடைக்குப் போனால் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஊர் திரும்பிய பிறகு எழுதினால் அனேகமாக எதுவும் நடக்காது. வங்கியையும் உடனே கூப்பிட்டு அந்தக் கார்டுப் பரிவர்த்தனையை மறுப்பதாகப் பதிவு செய்யுங்கள். போலீஸார் முதலில் கேட்பது ரசீது, கடையின் பெயர், வண்டி எண் மூன்றும்தான். வண்டி எண்தான் யாரிடமும் இருக்காது. டுக்டுக்கோ டாக்ஸியோ, ஏறும் முன் நம்பர் பலகையைப் படம் எடுக்கிற வேலையைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள். எட்டு வயதில் அதை உங்களைவிடச் சரியாகச் செய்வான்.